சட்டைப் பையில் மூன்று கல்

"என் மக காத்துக்குப் பயப்படுதா, சாமி" என்றார் தாணுமாலயன்.

துறவி கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தார்.

"காத்துக்கா?"

"காத்துக்குத்தான். இடிக்குப் பயப்படுற பிள்ளைங்க உண்டு, நாய்க்குப் பயப்படுற பிள்ளைங்க உண்டு. இவ வாழையிலை ஆடினாலே கட்டிலுக்கு அடியில போயிடுதா."

ஆடி மாதம். மலைக் கணவாய் வழியே காற்று இறங்கி அடித்துக்கொண்டிருந்தது. கணவாய்க்குக் கீழே இருந்த அந்த ஊரில் ஆனி பிறந்தால் ஆவணி வரை அது ஓய்வதில்லை. துறவி தங்கியிருந்த கல்மண்டபத்துக்குள்ளும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

தாணுமாலயன் வாழை பயிரிடுகிறவர். பதினான்கு வருஷமாக வியாழன்தோறும் வந்து பாடம் கேட்கிறவர். கேட்டதை மறக்காதவர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"பிள்ளைக்கு எத்தனை வயசு?"

"அஞ்சு. ஆனி பொறந்ததுலேருந்து வாசல் தாண்டல. ஜன்னல் எல்லாம் சாத்திக் கெடக்கு. பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனேன். தெருமுனைகூடத் தாண்டல, உடம்பு விறைச்சுப் போச்சு. பயந்துபோய்த் திரும்பத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"என்னென்ன செஞ்சு பாத்தே?"

"கோயில்ல கயிறு மந்திரிச்சுக் கட்டினேன். காத்தாடி வாங்கிக் கொடுத்தேன், ஒடிச்சு மூலையில போட்டுட்டா. காத்து இல்லேன்னா உயிரே இல்லேன்னு எடுத்துச் சொன்னேன். நேத்து அதட்டியும் பாத்துட்டேன்."

கடைசியைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப் போனது.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, சாமி. அப்படியே கொண்டுபோய்ச் சொல்லிடுதேன்."

குனிந்து கும்பிட்டார். சட்டைப் பையிலிருந்து மூன்று கூழாங்கற்கள் விழுந்து உருண்டன.

"இது என்ன?"

"அவ வெளையாட்டு. என் தங்கச்சி பொறுக்கிக் கொடுக்கிற கல்லை, காலையில நான் கெளம்பும்போது என் பையில போட்டு விடுவா. வாய்க்கால் பாலத்துல வீசிடுவேன். இன்னைக்கு மறந்துட்டேன்."

"தெனமுமா?"

"தெனமும் மூணு."

"நீ வீசுறது அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

துறவி கற்களைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார்.

"பகவதி போனப்போ பிள்ளைகிட்ட என்ன சொன்னே?"

பகவதி, தாணுமாலயனின் மனைவி. பங்குனியில் மஞ்சள் காமாலை கண்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பத்தாம் நாள் இல்லை.

"நீங்க சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன். அம்மா எங்கேயும் போகல, காத்தோட கலந்துட்டா அப்படீன்னு."

"நான் சொன்னதா அது?"

"ஆமா, சாமி. அஞ்சு பூதம் பத்திச் சொன்ன அன்னைக்கு. அப்படியே மனசுல நின்னுபோச்சு."

துறவி கற்களை விரல்களுக்குள் மூடிக்கொண்டார். கஞ்சியில் தூசி படிந்தது.

பிறகு மேல்துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார்.

"நட."

பதினான்கு வருஷத்தில் துறவி அவர் வீட்டுக்கு வந்ததே இல்லை.

வீட்டுக்குள் அடுப்பங்கரைச் சூடு. கதவைத் திறந்துவிட்ட தாணுமாலயனின் தங்கை, அவர்கள் நுழைந்ததும் அவசரமாகத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் இரண்டு கண்கள் தெரிந்தன.

"நீலா, சாமி வந்திருக்காங்க. வெளிய வா."

நீலா வரவில்லை.

துறவி அவளைக் கூப்பிடவில்லை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூன்று கற்களையும் முன்னால் வைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து நீலா ஊர்ந்து வந்தாள். கற்களைப் பார்த்தாள். துறவியின் விலா எலும்புகளைப் பார்த்தாள். ஓடிப்போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து, அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

ஆறு கல்.

"எனக்கு ஏன் இத்தனை?"

"நீங்க ரொம்ப ஒல்லி."

"ஒல்லியா இருந்தா?"

"காத்து தூக்கிட்டுப் போயிடும். அம்மாவும் ஒல்லியாயிட்டா. அப்புறந்தான் தூக்கிட்டுப் போச்சு."

தாணுமாலயனின் கை தன் சட்டைப் பைக்குப் போனது.

"அப்பாவுக்கு மூணு போதுமா?" என்று கேட்டார் துறவி.

"போதும். அப்பா குண்டு. தெனமும் பத்திரமா திரும்பி வந்துடுதாருல்லா?"

வாய்க்கால் பாலம் தாணுமாலயனின் கண்முன் வந்தது. எத்தனை காலை! எத்தனை கல்! அவர் வீடு திரும்பும்வரை இந்தப் பிள்ளை கட்டிலுக்கு அடியில் என்ன நினைத்துக்கொண்டு கிடந்திருப்பாள்?

"மக்களே" என்றார் துறவி நீலாவிடம், "அந்தக் காத்துப் பேச்சு என்னோடது. பெரியவங்களுக்குச் சொன்னது. உன்கிட்ட வந்து இப்படி ஆயிட்டுது. என் தப்புதான்."

ஆறு கல்லையும் துண்டில் முடிந்துகொண்டு எழுந்தார்.

"தாணு, நடந்ததை நடந்தபடி சொல்லு. அழகா சொல்லாதே."

வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தாணுமாலயன் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். பதினான்கு வருஷப் பாடத்தில் எதுவும் உதவிக்கு வரவில்லை.

"அம்மாவுக்குக் காமாலை வந்துது. டாக்டர் மருந்து கொடுத்தாங்க, கேக்கல. அம்மா..."

அந்தச் சொல்லை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அம்மா செத்துப்போயிட்டா."

"காத்து தூக்கலியா?"

"இல்ல. காத்து ஒண்ணும் செய்யல. அப்பாதான் தப்பா சொல்லிட்டேன்."

"ஜன்னலைத் தொறந்து வச்சா வருவாளா?"

"வரமாட்டா."

"எப்பவுமேயா?"

"எப்பவுமே."

நீலாவின் கீழுதடு பிதுங்கியது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாத பிள்ளை. இப்போது அழுதாள். தாணுமாலயன் அவளை மடியில் எடுத்துக்கொண்டு தானும் அழுதார். மகள் மடியில் இருக்கிறாள், தங்கை உள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறாள், வாசலில் குரு இருக்கிறார் என்பதெல்லாம் மறந்து வாய்விட்டு அழுதார். நீலா தன் பாவாடையை இழுத்து அவர் முகத்தைத் துடைத்தாள்.

கதவு தடதடவென்று ஆடியது.

அவள் அவர் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

"யாருப்பா?"

"காத்து."

"அம்மா இல்லியா?"

"இல்ல மக்களே. வெறும் காத்து."

மறுபடியும் ஆடியது. நீலா தலையைச் சாய்த்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

"சாமி வெளியதானே இருக்காரு?"

"ஆமா."

"அவருக்குக் கண்ணுல மண்ணு விழுமே."

அவர் மடியிலிருந்து இறங்கினாள். ஒரு கையில் அவர் வேட்டி நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு கதவருகே போனாள். எக்கித் தாழ்ப்பாளைத் தொட்டாள். கையை எடுத்தாள். மறுபடி தொட்டாள். தாணுமாலயன் திறந்துவிடப் போய், நிறுத்திக்கொண்டார்.

தாழ்ப்பாள் விலகியது.

கதவு படாரென்று சுவரில் மோதித் திறந்தது. காற்று அவள் மேல் பாய்ந்தது. பாவாடை குடை போல விரிந்தது, தலைமுடி முகத்தில் அடித்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள்.

வாசல்படியில் துறவி, பறக்கப் பார்த்த வேட்டியை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தபடி குந்தியிருந்தார்.

"உள்ள வாங்க, சாமி" என்றாள் நீலா. "பயப்படாதீங்க. வெறும் காத்துதான்."