போயிட்டு வாங்க

அந்த ஆஸ்பத்திரி ஓட்டுக் கட்டடமாக இருந்த காலம். குணமாகி வீட்டுக்குப் போகிறவர்களை வார்டு ஆயா முப்பிடாதிதான் கைத்தாங்கலாக வாசல்வரை கூட்டிப்போவாள். "நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் வேப்பமரம் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஊழியர்கள் ஊர் வழக்கம் தெரிந்து நோயாளிகளிடம் நடந்துகொள்கிறார்களா என்று மார்க் போட வந்தார் அதிகாரி கோதண்டபாணி. முப்பிடாதிக்கு முட்டை போட்டார்.

"போறவங்ககிட்ட 'போயிட்டு வாங்க'ன்னு சொல்றதுதானே நம்ம பண்பாடு? இனிமே சொல்லலேன்னா உனக்கு வேலை இருக்காது."

"எல்லார்கிட்டயுமா சார்?"

"ஒருத்தர் விடாம."

மறுவாரம் காய்ச்சல் தெளிந்து கிளம்பியது அதிகாரியின் மாமியார். அழைத்துப்போக அவரே வந்திருந்தார். முப்பிடாதி வாசலில் நின்று கைகூப்பினாள்.

"போயிட்டு வாங்கம்மா."

மாமியார் படியிலேயே நின்றுவிட்டார். "ஆஸ்பத்திரியில யாராவது இப்படிச் சொல்வாங்களா? நான் மறுபடி வந்து படுக்கணுமா?"

"நானா சொல்வேன்? சார் போட்ட உத்தரவும்மா."

மாமியார் மெல்லத் திரும்பினார். "ஏன் மாப்பிள்ளை, உங்களுக்கு அவ்வளவு ஆசையா?"

உத்தரவு அன்றைக்கே ரத்தானது.

இப்போது அங்கே மாடிக் கட்டடம். வேப்பமரமும் இல்லை, முப்பிடாதியும் இல்லை. வாசலில் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு. அதன்மேல் கொட்டை எழுத்தில் ஒரு போர்டு: 'நன்றி, மீண்டும் வருக.'