கடவு அடைத்த சென்னியப்பர்

கரட்டு அடிவாரத்தில் மூன்று காதம் ஓடும் கிளுவை முள்வேலியைக் காத்து வந்தவர் சென்னியப்பர். வேலிக்கு உள்ளே ஊராரின் ஆடுகள், வெளியே ஓநாய்கள். பட்டுப்போன இடத்தில் கிளுவைக் கிளையை வெட்டிப் போத்தாக நடுவதும், ஓட்டையில் முள் செருகுவதும் அவர் வேலை. முள் கீறிய அந்தக் கைகளால்தான் நாள்தோறும் உச்சிவேளையில் கரட்டீசருக்கு ஒரு குடம் நீர் வார்ப்பார்.

ஈசரோ வேலிக்கு வெளியே, காட்டுப் பாறையடியில் இருந்தார். ஊர்வாசல் வழியாகச் சுற்றினால் ஒரு பகல் போய்விடும். ஆகவே அடியார் தாமே வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கடவு வெட்டி, முள்படலால் மூடி வைத்திருந்தார். வேலி காப்பவரே வேலியை வெட்டியது வேடிக்கைதான். என்ன செய்வது, ஆசை அப்படி.

ஒருநாள் உச்சிவேளை தப்பிவிடுமே என்ற பதைப்பில் படலைக் கட்டாமல் ஓடினார். திரும்பியபோது நஞ்சாத்தாளின் ஏழு ஆடுகளும் கழுத்து கடிபட்டுக் கிடந்தன. கணவனை இழந்த அவளுக்கு வேறு பிழைப்பில்லை.

ஓநாய்கள் வேலியைத் தாண்டிவிட்டன என்றே ஊர் நம்பியது. அடியாருக்கோ சோறு இறங்கவில்லை. மறுநாள் ஊர் கூடிய இடத்தில் எல்லோர் காலிலும் விழுந்து உண்மையைச் சொன்னார்.

“சாமி கும்புடப் போனவரு ஓநாய்க்குக் கதவத் தொறந்து வெச்சுட்டுப் போனாராமா!” என்று சிரித்தார்கள். நஞ்சாத்தாள் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

தம்மிடம் இருந்த இரண்டு வெள்ளாடுகளையும் அவள் பட்டியில் கட்டினார். கடவில் போத்துகளை நெருக்கி நட்டு அடைத்தார். “ஈசரே, உங்களப் பாக்கோணுங்கற ஆசையில ஒரு குடியக் கெடுத்துப் போட்டனுங்க. இனி உங்க மொகத்துல முழிக்கற யோக்கியத எனக்கில்லீங்க” என்று கதறினார். அன்றுமுதல் உச்சிவேளைக் குடத்தை அந்தப் போத்துகளின் அடியில் ஊற்றினார்.

போத்துகள் துளிர்த்தன. அவர் மனம் மட்டும் ஆறவில்லை. ஒருநாள் நஞ்சாத்தாள் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு மூச்சிரைக்க வந்தாள்.

“ஏனுங்கண்ணா, நீங்க அடைச்ச கடவுக்கு வெளியில தெனமும் ஒரு பெரியவரு தடியோட நிக்கறாருங்க. ஆருன்னு இன்னிக்குக் கேட்டுப்போட்டேன். ‘அவன் என்னையப் பாக்க வந்துதானே தப்புப் பண்ணுனான்? பாதித் தப்பு என்னுது. அதான் காவலுக்கு நிக்கறேன்’னு சொன்னாருங்க.”

அடியார் ஓடினார். பெரியவரைக் காணவில்லை. பாறையடியில் இருந்த ஈசர், இப்போது வேலிக்கு அப்பால் கை எட்டும் தூரத்தில், மேனியெல்லாம் நீர் சொட்ட வீற்றிருந்தார். போத்துகளுக்கு ஊற்றிய நீரெல்லாம் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தது.

பின்னாலேயே வந்த நஞ்சாத்தாள் தன் குடத்தை நீட்டினாள். “ஊத்துங்கண்ணா” என்றாள்.

முள்ளிடுக்கில் கை நுழைத்து, அழுதுகொண்டே வார்த்தார் சென்னியப்பர். தம் பிழையை மறைக்காத அந்தக் கைகளை நாமும் வணங்குவோம்.