ஞானதுரை அடித்த முளை

"பிடுங்கிக்கிட்டு வந்துருச்சு மேடம்" என்றார் ஞானதுரை.

"எத்தனை பேருக்கு?"

"ரெண்டு பேருக்கு. ரெண்டுமே தோள்."

"தானா வந்துச்சா?"

"தானாத்தான்."

டாக்டர் அங்கயற்கண்ணி சிரிக்கவில்லை. சிரிப்பை எங்கேயோ பத்திரமாக வைத்திருப்பவர்போல இருந்தார்.

டாக்டர் ஞானதுரைக்கு வயது ஐம்பத்து நாலு. கோவில்பட்டியில் இருபத்தைந்து வருஷமாக எலும்பு வைத்தியம். இடுப்பும் முழங்காலும் அவர் சொன்னபடி கேட்கும். தோள் மட்டும் கேட்கவில்லை. அதனால் கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் பாடம் கேட்க மதுரைக்கு வந்திருந்தார்.

குரு சீடரை "சார்" என்றார். சீடர் குருவை "மேடம்" என்றார். இரண்டு பேருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

விஷயம் இதுதான். தோளில் எலும்பை விட்டுக் கிழிந்த தசைநாரை மறுபடி எலும்போடு சேர்க்க வேண்டும். எலும்புக்குள் நிலக்கடலைப் பருப்பு அளவில் ஒரு திருகை இறக்குவார்கள். அதன் தலையில் நூல் இருக்கும். அந்த நூலால் தசைநாரைக் கட்டுவார்கள்.

அந்தத் திருகுக்குக் கம்பெனிக்காரர்கள் வாயில் நுழையாத ஒரு பேர் வைத்திருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் சகாயமேரி அதை "முளை" என்றார். மாடு கட்டுகிற முளை. அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

"அடுத்த வாரம் பஞ்சவர்ணம் அம்மாவுக்கு நீங்கதான் பண்றீங்க."

"நானா? அந்தம்மா எலும்பு ரொம்பப் பூஞ்சை, மேடம்."

"தெரியும்."

பஞ்சவர்ணத்துக்கு அறுபது வயது. காய்கறிக் கூடை தூக்கித் தூக்கி வலது தோள் கிழிந்துபோனவர். ஆஸ்பத்திரியில் சேரும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்: "ஆடி மாசம் நான் முளைப்பாரி தூக்கணும். முப்பத்தெட்டு வருசம் தூக்கியிருக்கேன். போன வருசம் கை வரல. ஓரமா நின்னு அழுதேன்."

அப்போது தை மாசம்.

"மூணாவதும் பிடுங்கிட்டா நான் இனிமே தோளைத் தொட மாட்டேன்" என்றார் ஞானதுரை.

"அது உங்க பாடு. அந்தம்மா என்ன பண்ணுவாங்க?"



அங்கயற்கண்ணி ஜன்னலைக் காட்டினார். கீழே ஆஸ்பத்திரி மைதானத்தில் ரத்ததான முகாமுக்குச் சாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போய் ஒரு முளை அடிச்சுட்டு வாங்க சார்."

போனார். பந்தல்காரரிடம் சம்மட்டியைக் கேட்டு வாங்கினார். ஒரு முளையைக் கூடாரத்தைப் பார்த்துச் சாய்த்து அடித்தார். கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். பல் விழுந்ததுபோல வந்துவிட்டது.

"என்ன சார் நீங்க" என்றார் பந்தல்காரர். "இழுக்கிற பக்கமே சாஞ்சா எப்படி நிக்கும்? இழுக்கிறவனுக்கு முதுகைக் காட்டணும்."

அவர் வேறொரு முளையை எதிர்ப்பக்கம் சாய்த்து நாலே அடி அடித்தார். ஞானதுரை கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை. தொந்தியோடு இரண்டிரண்டு படியாக ஏறி மாடிக்கு ஓடினார்.

"சாய்வு மேடம்! சாய்வுதான்!"

"எவ்வளவு சாய்வுன்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க" என்றார் அங்கயற்கண்ணி. "அதை விடுங்க. அது கொஞ்சம்தான்."

"மீதி?"

மறுநாள் அவர் கறிக்கடையிலிருந்து ஓர் ஆட்டுத் தோளை வரவழைத்து மேஜையில் வைத்தார்.

ஞானதுரை முளையைச் சரியான சாய்வில் இறக்கினார். நூலைக் கோத்தார். முடிச்சுப் போட்டு இறுக்கினார். இன்னும் கொஞ்சம் இறுக்கினார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி ஒரு இறுக்கு இறுக்கினார். பிறகு கொக்கித் தராசை மாட்டி இழுத்தார்.

முளை நின்றது. நூலும் நின்றது. தசைநார்தான் இரண்டாக வந்தது, அவித்த முட்டையை நூலால் அறுத்ததுபோல.

"இப்ப யாரு பிடுங்குனது?" என்று கேட்டார் அங்கயற்கண்ணி.

"அப்ப எவ்வளவுதான் இறுக்கணும்?"

"எலும்பு மேல உக்காரணும். நெரியக் கூடாது."

ஐந்தாறு தடவை கட்டிப் பார்த்ததும் கைக்குப் பிடிபட்டது. மீதிக் கறியை யார் சாப்பிட்டார்கள் என்று கேட்காதீர்கள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க மேடம். இந்த முளை எத்தனை நாளைக்கு நிக்கணும்? பத்து வருசமா? இருபதா?"

"அதை என்கிட்டக் கேக்காதீங்க."

"பின்ன யார்கிட்ட?"

அவர் கை கழுவப் போய்விட்டார்.

பஞ்சவர்ணத்துக்கு ஆபரேஷன் நடந்தது. ஞானதுரைதான் செய்தார். முதல் முளை இறங்கும்போதே எலும்பு கொளகொளவென்றிருந்தது. பதறாமல் இடத்தை மாற்றினார். இரண்டு முளை, இரண்டும் முதுகைக் காட்டிச் சாய்ந்து நின்றன. தசைநார் எலும்பின்மேல் வந்து உட்கார்ந்தது. அத்தோடு முடிச்சை நிறுத்தினார். சகாயமேரி சிஸ்டர் முகமூடிக்குள் "சபாஷ்" என்றது எல்லோருக்கும் கேட்டது.

மூன்றாவது வாரம் பஞ்சவர்ணம் வந்தார். கை கழுத்துப் பட்டையில் தொங்கியது.

அந்த மூன்று வாரமும் ஞானதுரைக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் முளை கழன்று வந்தது. பட்டையை அவிழ்த்தார்.

"கையைத் தூக்குங்கம்மா. நான் மேலேருந்து அமுக்குவேன். விடாம எதிர்த்துத் தூக்கணும்."

பஞ்சவர்ணம் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "எதுக்கு?"

"பிடிச்சிருக்கான்னு பாக்கத்தான்."

"ஏன் டாக்டரு, உங்க வீட்டுல முளைப்பாரி போட்டதே இல்லையா?"

"நாங்க வேதக்காரங்கம்மா. சர்ச்சுக்குத்தான் போவோம்."

"அதான் தெரியல. நல்லாக் கேளுங்க. சட்டியில விதையைப் போட்டு இருட்டு ரூம்புல வச்சிருவோம். தண்ணி தெளிக்க ஒருத்தி போவா, வருவா. வேற யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. மூணாம் நாளு ஒரு அவசரக்காரி உள்ள போயி, பிடிச்சிருக்கான்னு விதையை இழுத்துப் பாத்தான்னு வைங்க. என்னாகும்?"

ஞானதுரையின் கை அந்தரத்தில் நின்றது.

வாசலில் அங்கயற்கண்ணி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

"சார், கோவில்பட்டியில அந்த ரெண்டு பேரு. மூணாவது வாரம் வந்தாங்களா?"

"வந்தாங்க."

"என்ன பண்ணீங்க?"

"கையைத் தூக்கச் சொன்னேன்."

"அப்புறம்?"

ஞானதுரை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அமுக்குனேன் மேடம்" என்றார். "பிடிச்சிருக்கான்னு பாத்தேன்."

"தசைநார் எலும்போட ஒட்டி வளர்றதுக்குள்ளயா?" என்றார் அங்கயற்கண்ணி.

"பிடுங்கிக்கிட்டு வரல. நான்தான் பிடுங்கியிருக்கேன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது, கூடவே என்னவோ லேசாகவும் இருந்தது. பஞ்சவர்ணம் அவர் தலையில் இடது கையால் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

"எனக்குப் பிடுங்கலைல்ல? பட்டையை மாட்டிவிடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அன்றைக்கே ஞானதுரை கோவில்பட்டிக்காரர்கள் இரண்டு பேருக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னார்; மறுபடி சரிசெய்து தருவதாகவும் சொன்னார். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இன்னொருவர், "சரி டாக்டர், எப்ப வரட்டும்?" என்று கேட்டார். திட்டியவரும் அடுத்த மாசமே வந்தார்.

ஆறாவது வாரம் பஞ்சவர்ணத்தின் பட்டை கழன்றது. மூன்றாம் மாசம் அந்தக் கை காலி டம்ளரைத் தூக்கியது. ஐந்தாம் மாசம் ஒரு செம்புத் தண்ணீர். ஞானதுரை ஒரு தடவைகூட அமுக்கிப் பார்க்கவில்லை. அமுக்கத் தோன்றும்போதெல்லாம் இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பையின் தையல்தான் பிரிந்தது.

ஆடி வந்தது.

தெரு மாரியம்மன் கோயில் வாசலில் மேளம் பிளந்தது. சட்டிகளில் நாற்று வெளிர்ப் பச்சையாக முழ உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து தலைக்கு ஏற்றினார்கள். பஞ்சவர்ணத்துக்கு மட்டும் சின்னச் சட்டி, டாக்டர் உத்தரவு.

மருமகள் சட்டியைத் தலையில் வைத்தாள். இடது கை முதலில் போய்ப் பிடித்தது.

ஞானதுரை கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

வலது கை மெதுவாக எழுந்தது. இடுப்பைத் தாண்டியது. தோளைத் தாண்டியது. கொஞ்சம் நின்றது. பிறகு மேலே போய்ச் சட்டியின் விளிம்பைத் தொட்டுப் பிடித்துக்கொண்டது.

குலவை கிளம்பியது. ஞானதுரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரும் ஒரு குலவை போட்டார். குக்கர் விசில்போல ஒரு சத்தம் வந்தது. தெருவே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அங்கயற்கண்ணி பத்திரமாக வைத்திருந்த சிரிப்பையெல்லாம் அன்றைக்குத்தான் எடுத்துச் செலவு செய்தார்.

அந்த வருஷம் வைகையில் தண்ணீர் ஓடியது. நாற்றை ஆற்றில் கரைத்துவிட்டு, வெறும் சட்டியோடு பஞ்சவர்ணம் கரையேறினார்.

"டாக்டரு, அந்த முளை இன்னும் உள்ளதான் கெடக்கா?"

"கெடக்கும்மா."

"பிடிச்சுக்கிட்டிருக்கா?"

ஞானதுரை வாயைத் திறந்தார். சாய்வு, இறுக்கம், தராசு எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டன.

பஞ்சவர்ணத்தின் வலது கை யாரையும் கேட்காமல் மேலே போய், நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா" என்றார். "முளைச்சிருச்சு."