கப்புக்குக் கிடைத்த இடம்

முன்னொரு நாளில் வாசனைச் சொற்களெல்லாம் அகராதி மாளிகையில் குடியிருந்தன. வாசலில் காவல் நின்றவன் நாற்றம். ஒரு காலத்தில் பூவோடு வாழ்ந்தவனாம். சாக்கடைக்கு வந்த பிறகும் அந்த மிதப்பு போகவில்லை.

அவன் முன்னால் போய் நின்றான் கப்பு. வேலை இருவருக்கும் ஒன்றுதான், கெட்ட வாடையைச் சொல்வது.

"எந்த ஏட்டுல பொறந்தே?"

"தெரியாதுண்ணே. பட்டணத்துச் சந்துல யாரோ மூக்கைப் பிடிச்சுக்கிட்டு என்னைச் சொன்னாங்க. பொறந்துட்டேன்."

"அப்போ சந்துக்கே போ."

மாளிகை கிடக்கட்டும், யாராவது ஒரு வாய் தன்னை வா என்று கூப்பிடாதா என்று கப்பு ஏங்கினான். பாவம், அழுதுகொண்டேதான் திரும்பினான்.

சந்தில் கஸ்தூரி வீட்டுக்கு அன்று அவள் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். காலையிலிருந்தே குழாய்த் தண்ணீரில் ஒரு வாடை. பானைதான் பழசு என்று நினைத்த கஸ்தூரி, அதில் வெட்டிவேரைப் போட்டு மூடிவிட்டாள். வெட்டிவேரோடு வந்த மணம் பானைக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"நல்ல காரியம் நடக்கிற வீடு. நீ வெளியே நில்லு" என்றது கப்பிடம்.

மாப்பிள்ளையின் அக்கா முழுகாமல் இருந்தாள். வெயிலில் வந்த களைப்பு. டம்ளரைத் தூக்கினாள்.

தலைகுனிந்து நின்ற கல்யாணப்பெண் செண்பகவல்லிக்கு வெட்டிவேருக்கு அடியில் சாக்கடை தெரிந்தது. வாயைத் திறந்தால் சம்பந்தம் போய்விடுமே! மாளிகையிலிருந்த துர்நாற்றத்தைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தப் பெரிய மனுஷன் அங்கவஸ்திரம் மடித்துக்கொண்டிருந்தான். டம்ளர் உதட்டைத் தொடப்போனது. ஒரே தாவு, கப்பு செண்பகவல்லியின் நாக்கில் ஏறிவிட்டான்.

"அக்கா, குடிக்காதீங்க. தண்ணி கப்படிக்குது."

கஸ்தூரிக்கு உயிரே போய்விட்டது. அக்கா டம்ளரை முகர்ந்து கீழே வைத்தாள்.

"எங்க தெருவுலயும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. வீட்டுக்கு ஒருத்தர் பேதில படுத்தாங்க" என்றவள், தம்பியைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தப் பொண்ணு போதும்டா நமக்கு."

அடுத்த வாரம் குழாயைத் தோண்டிச் சரிசெய்தார்கள். விஷயம் கேள்விப்பட்டு நாற்றமே மாளிகைக் கதவைத் திறந்து வைத்தான்.

"உள்ளே வாடா தம்பி."

"அப்புறம் வரேண்ணே. இங்க வேலை இருக்கு."

தெருக்குழாயில் கஸ்தூரி முதல் குடத்தை முகர்ந்துவிட்டுப் பின்னால் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கப்பு இருக்கான்னு பாத்துட்டுப் புடிங்கடி."

தண்ணீர் பிடிப்பதற்கு முன்பே அந்தத் தெரு அவனைத்தான் விசாரித்தது.