மேசைக்கால் புத்தகம்

டாக்டர் படிப்பு நுழைவுத்தேர்வுக்கு மாதிரித் தேர்வுப் புத்தகம் விற்கும் அறவாழிக்கு வாய் முழ நீளம். பெற்றோர் கூட்டத்தில் பீற்றி முடித்து, தேர்வெழுதும் மகளுக்காக அங்கே வந்திருந்த தன் வீட்டு வேலைக்காரி செங்கமலத்தின் கையில் முதல் புத்தகத்தைத் திணித்தார்.

அவளுக்கு ஒரு புத்தகம் வாங்கத்தான் வக்கு. தப்பானதை எடுத்தால் மகளுக்கு ஒரு வருஷம் பாழ். "கடையில விக்கிற பச்சை அட்டைப் புத்தகம் வாங்கிக்கிறேன் சார்" என்றாள் மெல்ல.

"பாத்திரம் தேய்க்கிற உனக்கு எது நல்லதுன்னு எப்படித் தெரியும்? சபையில சொல்லு பார்ப்போம்!"

"எனக்கென்ன தெரியும் சார்? உங்க பாப்பா ராப்பகலா எழுதிப் பார்க்கிறது அந்தப் பச்சை அட்டையிலதான். உங்க புத்தகமும் பாப்பா ரூம்லதான் இருக்கு, ஆடுற மேசைக்காலுக்கு அண்டக் கொடுத்து. நல்ல கனம் சார், மேசை இப்ப அசையறதே இல்லை."

அன்றைக்கு அறவாழிக்கு விற்றது ஒரே ஒரு புத்தகம். வாங்கினவர் வீட்டில் கட்டில் ஆடுகிறதாம்.