சிரட்டைத் தண்ணீரும் செங்கன் வண்டியும்

பனங்காட்டுச் சரிவில் செங்கன் என்றொரு கீரிக்குட்டி இருந்தான். வண்டி ஓட்டுவதென்றால் அவனுக்கு உயிர். நுங்கு தின்று போட்ட காய்கள் நாலு, மேலே ஒரு பலகை, திருப்ப ஒரு கயிறு, காலால் மிதித்து நிறுத்த ஒரு முட்டுக்கட்டை. அதுதான் அந்தக் காட்டு வண்டி.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பலகையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையத் தண்ணீர் வைப்பார்கள். உச்சியிலிருந்து ஓடைவரை துளியும் சிந்தாமல் ஓட்டினால்தான் தனியே ஓட்ட அனுமதி. அன்று காலை உடும்பு அத்தை பின்னால் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு துளி சிந்தவில்லை!

"தேறிட்டே போ! இனி வண்டி உன் பொறுப்பு. சிரட்டை மட்டும் எப்பவும் கூடவே இருக்கட்டும்!" என்றாள்.

அத்தை அந்தப் பக்கம் போனதுதான் தாமதம், கூட்டாளிகள் வந்துவிட்டார்கள். வண்டியை மறுபடி உச்சிக்கு இழுத்துப் போனார்கள். செங்கன் சிரட்டையை நிரப்பி வைத்தான். குரங்கு சடையனும் அவன் தம்பியும் தாவி ஏறினார்கள். முள்ளெலி உண்ணாமலை ஓரமாக ஒண்டிக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது.

"என்ன மாப்ள, நத்தைக்கு வழி விடுறியா?" என்றான் சடையன். "கட்டையிலிருந்து காலை எடுடா! இல்லேன்னா உங்கம்மா மடியிலே போய் உட்காரு!"

தம்பி கெக்கெக்கே என்று சிரித்தான்.

செங்கனுக்குக் காது சூடாகிவிட்டது. காலை எடுத்தான். வண்டி பிய்த்துக்கொண்டு பறந்தது. ஒரு மேட்டில் தூக்கிப் போட்டதும் சிரட்டைத் தண்ணீர் முழுக்கக் கொட்டியது. அவன் கயிற்றை இறுகப் பிடித்தான். அடுத்தது புற்று வளைவு. புற்று மறைப்பதால் அந்தப் பக்கம் யார் வருகிறார்கள் என்றே தெரியாது. ஆனால் இப்போது கட்டையை மிதித்தால் ஓடைவரை கேலி செய்வார்களே!

"செங்கா!" என்று உண்ணாமலை கத்தினாள். "எனக்குப் பயமா இருக்கு! மெதுவாப் போ!"

"தொடைநடுங்கி!" என்றான் சடையன்.

"ஆமா, நடுங்குது! நிறுத்து!"

"அப்பாடா, எனக்கும்தான்!" என்று செங்கன் இரண்டு காலாலும் கட்டையை மிதித்தான்.

வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு வளைவைத் தாண்டி நின்றது. புழுதி அடங்கியதும் பார்த்தால், சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் ஒரு கௌதாரி அம்மா! அவள் பின்னால் வரிசையாகக் குஞ்சுகள்.

"ஒண்ணு, ரெண்டு..." என்று அவள் எண்ணினாள். "ஏழு! எல்லாம் இருக்கு!" பிறகு செங்கனிடம் திரும்பினாள். "கண்ணை எங்கேடா வெச்சிருக்கே? வளைவிலே இப்படியா வர்றது?"

திட்டு வாங்குவது இவ்வளவு இனிக்கும் என்று செங்கனுக்கு அன்றுதான் தெரிந்தது.

சடையன் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான்டா கத்தினேன்."

"நானும்தான்!" என்றான் தம்பி.

நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சடையன் பக்கத்துக் குட்டையில் சிரட்டையை நிரப்பி வந்து பலகையில் வைத்தான். "ஒரு துளி சிந்தட்டும், அப்புறம் இருக்கு உனக்கு!" என்றான். வண்டி மெல்ல நகர்ந்தது.

கூட உட்காருபவர் வாயும் சேர்ந்துதான் வண்டியை ஓட்டுகிறது. பயமென்றால் வாய்விட்டுச் சொல்லுகிறவரே நல்ல துணை.