கோத்தகிரியின் நாற்பது தகடுகள்

"கோத்தகிரிக்காரங்களை முதல்ல வெளியே அனுப்புங்க மேடம்" என்றபடியேதான் ராயப்பன் உள்ளே நுழைந்தார்.

தூத்துக்குடி ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் தலைவர். நான் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன், மதுரைக்குக் கூடப் போயிருந்தேன்.

மெஹருன்னிசா மேடம் மதுரையில் இருக்கிறார். ராயப்பனைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் குரு அவர்தான்.

பேட்டரித் தகடு செய்ய எந்தப் பொடியை எவ்வளவு கலந்து எத்தனை டிகிரியில் சுடுவது என்று அவரிடமுள்ள கம்ப்யூட்டர் சொல்லும். ஊர் ஊராக இயந்திரக் கைகள் சுட்டு, முடிவை அதற்கே அனுப்பும். அதைப் பார்த்துத்தான் அது அடுத்த கலவையைத் தீர்மானிக்கும்.

கோத்தகிரிக் கூடத்தில் போஜன் சுட்ட நாற்பது பேட்டரித் தகடும் விரிசல் விட்டுவிட்டன.

ஆவணிக்குள் ஒரு நல்ல தகடாவது காட்டாவிட்டால் எங்கள் கூடத்தை மூடிவிடுவார்கள். இந்த லட்சணத்தில் எல்லாக் கூடங்களின் முடிவும் வரும் பொதுப் பட்டியலைத் திறந்தால் முதல் பக்கம் முழுக்க விரிசல். ராயப்பனுக்கு வயிறு எரிந்தது.

"உடைஞ்சதையெல்லாம் வெட்கமே இல்லாம அனுப்பி வச்சிருக்காங்க. பார்க்கிறவன் நம்மளையும் சேர்த்துத்தானே துப்புவான்? அத்தனையையும் எடுத்துடுங்க."

நானும் சேர்ந்துகொண்டு போஜனைத் திட்டினேன். பொய் சொல்வானேன்.

மேடம் வாதாடவில்லை. நிச்சயம்தானா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். ராயப்பன் மேஜையைத் தட்டி ஆமாம் என்றார்.

நாற்பது முடிவுகளையும் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பென் டிரைவுக்கு மாற்றித் தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார் மேடம். பட்டியல் பளிச்சென்று ஆகிவிட்டது. எங்களுக்கு மனசு குளிர்ந்தது, டீ குடித்துவிட்டு ஊர் திரும்பினோம்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் எங்களுக்கு அடுத்த வேலையை அனுப்பியது.

ராயப்பன் படித்தார். முகம் சிவந்துபோனது. நானும் எட்டிப் பார்த்தேன்.

அத்தனையும் போஜன் சுட்ட கலவைகள். ஒன்று விடாமல் நாற்பதும் வரிசையாக நின்றன.

எங்களுக்கு இருப்பது ஒரே உலை. ஒரு தகடு சுட ஒரு நாள் ஆகும். ஆவணி முடிய முப்பது நாள்கூட இல்லை.

அவர் உடனே மேடத்துக்குப் போன் போட்டார்.

"இதெல்லாம் விரிசல் விடும்னு தெரிஞ்சும் எங்க தலையில கட்டுறீங்களே, இது நியாயமா மேடம்?"

"விரிசல் விடும்னு கம்ப்யூட்டருக்கு யார் சார் சொன்னது?" என்றார் மேடம்.